உழைக்கிற உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

விருத்தாசலம் பகுதியிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. உடம்பு ஓயாமல் உழைக்கிறது, மனது ஓயாமல் உழல்கிறது, இதற்கு என்ன வழி என்பதே மூன்றிலும் உள்ள கேள்வி. அதனால் இந்த இதழில் மூன்றுக்கும் சேர்த்துப் பதில்.

கேள்வி 1

"எங்கள் வீட்டுக்காரருக்கு வயது 48. இரண்டு ஏக்கர் முந்திரிக் கொல்லையும், ஒரு ஏக்கரில் மல்லாட்டையும் இருக்கிறது. நான் செராமிக் கம்பெனியில் அகல் விளக்குக்கு வண்ணம் அடிக்கப் போகிறேன். இரண்டு வருடமாக நகைக்கடனுக்கு வட்டி கட்டியே காலம் ஓடுகிறது. அவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து பம்புசெட் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை. 'மனசுதான் காரணம், நடைப்பயிற்சியும் தியானமும் செய்யச் சொல்லுங்கள்' என்றார் டாக்டர். 'காலையிலிருந்து மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு உடற்பயிற்சியா? கண்ணை மூடி உட்கார்ந்தால் கடன் அடைஞ்சுடுமா?' என்று அவர் கேட்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. 'எல்லாம் ஒரேயடியா முடிஞ்சா நல்லா இருக்கும்' என்று அடிக்கடி சொல்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது."
- வாசகி, விருத்தாசலம் வட்டம்

பதில்: கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். அந்தப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தில் பாதியைக் குறைக்கும் என்பது மனநல மருத்துவர்களின் அனுபவம்.

அடுத்தது, வீட்டிலும் பம்புசெட் அறையிலும் இருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்களை இன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும். இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் வட்டத்துக் கிராமங்களில், சென்னையின் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பும் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் ஒரு முயற்சி செய்தார்கள். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான கட்டடத்தில் பூட்டுப்பெட்டிகளில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். மருந்து குடித்து இறப்பது அந்தக் கிராமங்களில் குறைந்தது. ஆய்வு முடிவு 2013-ல் வெளியானது. ஒரு நிமிட வேகத்தில் எடுக்கும் முடிவுக்கு மருந்து கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிடும் என்பதுதான் அதில் தெரிந்த பாடம். ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டாலும், ஒரு தகரப்பெட்டியும் பூட்டும் வாங்கிச் சாவியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவைக்கலாம். மிச்ச மருந்தைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

மூன்றாவது, மருத்துவ உதவி. 14416 என்பது மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வருவதுண்டு. எந்தக் கிழமை என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதையும் சாப்பிட வேண்டும். கீழே சொல்லப்படும் பயிற்சி மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது, மருந்துக்குப் பதில் ஆகாது.

இனி அவருடைய கேள்வி. நாள் முழுக்க உழைக்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு?

மண்வெட்டி பிடிப்பது உழைப்பு. அதில் ஒரே பக்கம் குனிந்து, ஒரே தோளுக்குச் சுமை கொடுத்து, வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. பயிற்சியில் நேரம், வேகம், ஓய்வு எல்லாம் செய்கிறவர் கையில் இருக்கும். இந்த வித்தியாசம் சின்னது இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் நடந்து, ஓடிப் பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற ஆபத்து குறைவாக இருந்தது. வேலையிலேயே கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, ஆபத்து கூடுதலாகவே இருந்தது. களைப்பு வேறு, பலம் வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது.

மனதுக்கும் இதே கணக்குத்தான். களை வெட்டும்போது கை தானாக வேலை செய்கிறது. மனது அங்கே இருப்பதில்லை. வட்டிக் கணக்கையும் வங்கி நோட்டீஸையும் அது கொத்திக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் உடம்பு களை வெட்டினால், மனது அதே எட்டு மணி நேரம் கவலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது. அதனால்தான் உடம்பு அசந்து போனாலும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. உடம்பும் மனதும் ஒரே இடத்தில், ஒரே வேலையில் சிறிது நேரமாவது சேர்ந்து இருக்கப் பழக வேண்டும். டாக்டர் நடையையும் தியானத்தையும் சேர்த்துச் சொன்னதன் அர்த்தம் அதுதான்.

இந்தச் சேர்க்கையை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 52 மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை, எட்டு வாரம் பயிற்சி செய்தார்கள். அவர்களில் 22 பேர் மனச்சோர்வு நோய் உள்ளவர்கள். ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் தியானம், அதைத் தொடர்ந்து 30 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி. எட்டு வாரம் முடிந்தபோது மனச்சோர்வு அறிகுறிகள் ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்திருந்தன. பழைய விஷயத்தையே திரும்பத் திரும்ப நினைத்துப் புழுங்குவதும் குறைந்தது. 2016-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது. பயிற்சி செய்யாத வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2018-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து பெண்களிடம் செய்த இன்னோர் ஆய்வு வந்தது. தியானம் மட்டும் செய்தவர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், சேர்த்துச் செய்தவர்களுக்கே பழைய மனக்காயத்தின் பாரம் அதிகம் இறங்கியிருந்தது.

செலவில்லாமல் கிராமத்திலேயே இதைச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாள், பொழுது விடியும் நேரம் போதும்.

உட்காருதல், 20 நிமிடம். திண்ணையிலோ கயிற்றுக் கட்டிலிலோ முதுகு நேராக இருக்கும்படி உட்கார வேண்டும். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். மூச்சு வெளியே போய் முடியும் இடத்தில் 'ஒன்று' என்று மனதுக்குள் எண்ண வேண்டும். அடுத்த மூச்சுக்கு இரண்டு. பத்து வந்ததும் மறுபடி ஒன்று. எண்ணிக்கை மறந்துபோனால் வருத்தப்படாமல் ஒன்றிலிருந்து தொடங்கலாம். முதல் வாரம் 5 நிமிடம் போதும், வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொள்ளலாம்.

மெதுவாக நடத்தல், 10 நிமிடம். வாசலிலோ களத்திலோ செருப்பில்லாமல் நிதானமாக நடக்க வேண்டும். குதிகால் பதிவது, பாதம் பதிவது, விரல் எழும்புவது என்று கவனம் காலிலேயே இருக்கட்டும்.

வேகமாக நடத்தல், 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சைக்கிள் மிதிப்பதும் நல்லதே. முந்திரிச் சருகு மூடிய பாதையில் இருட்டில் போக வேண்டாம், பாம்பு இருக்கும். ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம், ஊர்ச்சாலை ஏற்றவை. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து முடிக்க வேண்டும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் பொம்மை விரிசல் விடும் என்பது விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடம்பும் மெதுவாகத்தான் ஆற வேண்டும்.

கோடையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே வேக நடையைத் தொடங்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் போகக் கூடாது.

கண்ணை மூடி உட்கார்ந்தால் கடன் அடையாது. அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் நாலு ராத்திரி தூங்காத மனிதர் வங்கி மேலாளர் எதிரில் உட்கார்ந்து தவணை கேட்டுப் பேச முடியாது. மல்லாட்டையை இன்று விற்பதா, பத்து நாள் பொறுப்பதா என்று முடிவெடுக்க முடியாது. கடனை அடைக்கப்போவது அந்த மனிதர்தான். அவரை நிமிர்ந்து உட்கார வைக்கத்தான் இந்தப் பயிற்சி.

கேள்வி 2

"ஒரு மாதமாகத் தியானம் செய்து பார்க்கிறேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கடன் கொடுத்தவர் முகம்தான் வருகிறது. சும்மா இருக்கும்போதைவிட அப்போதுதான் கவலை அதிகமாகிறது. எனக்கு இது ஒத்துவராதா?"
- வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: புதுக் காளையைத் தனியாக ஏரில் பூட்டுகிறவர் யாரும் இல்லை. பழகிய மாட்டோடு சேர்த்துத்தான் நுகத்தடியில் பூட்டுவார்கள். முதல் நாள் அது இழுத்துக்கொண்டு ஓடும், படுத்துக்கொள்ளும். பழகிய மாடு தன் போக்கில் நடக்க நடக்க, புதியதும் அடி வைக்கப் பழகும். மனதுதான் அந்தப் புதுக் காளை. உடம்பு பழகிய மாடு. எனவே வாசகர் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதலில் 20 நிமிடம் வேகமாக நடந்து, வியர்த்து, மூச்சு தணிந்த பிறகு 5 நிமிடம் மட்டும் உட்காரலாம். பழகப் பழக உட்காரும் நேரத்தைக் கூட்டலாம்.

கவலை வருவதும் தோல்வி இல்லை. முகம் வந்தது தெரிந்ததும் எண்ணிக்கைக்குத் திரும்புகிறோமே, அந்தத் திரும்பல்தான் பயிற்சி. பத்து முறை ஓடினால் பத்து முறை திருப்பிக்கொண்டு வரலாம்.

உடம்பையும் மனதையும் ஒன்றாகப் பழக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, உழைக்கும் குடும்பஸ்தர்களை மனதில் வைத்தே 'மனவளக்கலை'யை வகுத்தார். கை, கால், மூச்சு, கண் என்று வரிசையாகப் போகும் எளிய உடற்பயிற்சி, அதன்பின் தியானம், அதன்பின் தற்சோதனை என்று மூன்றையும் அவர் பிரிக்காமல் வைத்தார். 1958-ல் அவர் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மன்றங்கள் பல ஊர்களில் இதைக் கற்றுத்தருகின்றன. மன்றத்தில் சேராதவர்களுக்கும் அந்தத் தற்சோதனையில் ஒரு பகுதி நேரடியாகப் பயன்படும். கவலைகளை அவர் நான்காகப் பிரிக்கச் சொன்னார். மங்கலம்பேட்டை வாசகர் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதிப் பார்க்கலாம். ஒரு விவசாயியின் நோட்டு இப்படி இருக்கலாம்:

அனுபவித்தே தீர வேண்டியவை: 2011 டிசம்பர் 30-ல் அடித்த 'தானே' புயலில் சாய்ந்த முந்திரி மரங்கள் எழுந்து வரப்போவதில்லை. அந்த இழப்பைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

தள்ளிப்போட வேண்டியவை: மூன்று வருடம் கழித்து வரும் மகள் கல்யாணச் செலவு. இன்று ராத்திரி அதற்கு விடை கிடைக்காது.

அலட்சியம் செய்ய வேண்டியவை: பங்காளி வீட்டில் என்ன பேசுகிறார்கள், ஊரில் யார் சிரிக்கிறார்கள் என்பது.

உடனே தீர்க்க வேண்டியவை: நகை ஏலத்துக்கு வரும் தேதி, பயிர்க் காப்பீடு கட்டக் கடைசி நாள், உடைந்த மோட்டார்.

எழுதி முடித்துப் பார்த்தால் நாலாவது கட்டத்தில் இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அதில் ஒன்றை மறுநாள் பத்து மணிக்குள் செய்வது என்று முடிவெடுத்துக்கொண்டு படுக்கலாம். ஆட்களுக்குக் கூலி போட்டுக் கணக்கு எழுதிய நோட்டை மூடுவதுபோல, மனதுக்கும் ஒரு நோட்டை மூட முடிந்தால் தூக்கம் தானாக வரும்.

கேள்வி 3

"நாங்கள் எட்டுப் பெண்கள் செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறோம். சீசனில் காலையிலிருந்து மாலைவரை குனிந்தே இருக்கிறோம். கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் வலி. வீட்டுக்கு வந்தால் மாடு, சமையல். சிடுசிடு என்று பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோம். எங்களுக்கு எங்கே ஒரு மணி நேரம் கிடைக்கும்?"
- வாசகி, விருத்தாசலம்

பதில்: ஒரு மணி நேரம் கிடைக்காதவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி எட்டுப் பேரும் சேர்ந்து வேகமாக நடந்தால் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் அதிலேயே 120 நிமிடம் சேர்ந்துவிடும். சேர்ந்து நடப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பார்கள்.

பட்டறையில் அரை மணிக்கு ஒருமுறை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். தோளை முன்னும் பின்னும் ஐந்து முறை சுழற்றி, கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் சாய்த்து, விரல்களை விரித்து மூடி, தூரத்தில் இருக்கும் மரத்தைச் சிறிது நேரம் பார்க்கலாம். இரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் கவனம் தோளிலும் விரலிலும் இருக்க வேண்டும், பேச்சில் வேண்டாம். அப்படிச் செய்தால் அது மனதுக்கும் பயிற்சியாகிவிடும். சாப்பாட்டு இடைவேளையில் 5 நிமிடம் மூச்சை எண்ணி உட்காரலாம்.

ஆனால் மூச்சுப் பயிற்சியைப் பட்டறைக்குள் செய்யக் கூடாது. பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் தூள் இருக்கிறது. அந்த நுண்தூசி நுரையீரலில் படிந்தால் 'சிலிக்கோசிஸ்' என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, காசநோயும் எளிதில் பற்றும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சேலைத் தலைப்பு இந்தத் தூசியைத் தடுக்காது, என்-95 முகக்கவசம் வேண்டும். நாள்பட்ட இருமல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறோம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சை வெளித்தள்ளும் கபாலபதி போன்ற பயிற்சியை, கர்ப்பிணிகளும் ரத்தக்கொதிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதற்கும் ஒரு சிறு வழி இருக்கிறது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்று பத்து மூச்சு எண்ணிவிட்டு உள்ளே போகலாம். பட்டறையின் சோர்வு அடுப்படிவரை வராமல் அந்த ஒரு நிமிடம் தடுக்கும்.

எட்டு வாரத்துக்கு ஒரு கணக்கு

உரம் போட்ட மறுநாளே பயிர் பச்சை கட்டுவதில்லை. இந்தப் பயிற்சியையும் எட்டு வாரம் செய்த பிறகுதான் எடை போட வேண்டும். காலண்டர் தாளில் தினமும் மூன்று விஷயம் குறித்து வைத்தால் போதும்: ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், அன்று பயிற்சி உண்டா இல்லையா, மனது எப்படி (நல்லது, சுமார், மோசம்). எட்டு வாரம் கழித்துத் தாள்களைப் புரட்டினால் பலன் தெரியும். 'மோசம்' என்பது இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கலாம். என்ன சொல்வது என்று தெரியாமல் தவிப்பவருக்கு அந்தத் தாள்கள் பேசும்.

முதல் கடிதம் எழுதிய வாசகிக்கு ஒரு வார்த்தை. அவரைத் தனியாக நடக்க அனுப்ப வேண்டாம். விடியற்காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம். இரண்டு வருடமாக அந்த வீட்டில் தூக்கம் கெட்டிருப்பது ஒருவருக்கு மட்டும் இருக்காது.